சண்டை அங்க, பாண் விலை இஞ்ச

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் திருகோணமலையில பாலையூற்றுப் பக்கம் சின்ன பேக்கரி ஒண்டு நடத்துறன், அப்பாட காலத்து பேக்கரி. விடிய உங்கட பேப்பர் வாற நேரம் எங்கட பாண் ஆட்டோ ரெண்டும் கிளம்பிப் போயிருக்கும், அதால பாண் சுடுற போறணை ஆறுற வரைக்கும் நானும் மா பிசையிற பொடியனும் ஆளுக்கொரு தேத்தண்ணியோட குந்தி பேப்பர் வாசிக்கிறது வழக்கம். 2025 ஜூன் 13 ஆந்திகதி இஸ்ரேல் ஈரானுக்கு அடிக்கத் தொடங்கினதில இருந்து 24 ஆந்திகதி ஓயுற வரைக்கும் ஒவ்வொரு நாளும் முதல் பக்கம் அதுதான், எத்தின ஏவுகணை போனது, எத்தினய மறிச்சது, ஆற்ற கை ஓங்கியிருக்கு, கலர் படத்தோட நல்லாத்தான் போட்டிருந்தீங்க. குறை சொல்ல வரேல்ல. ஆனா வாசிச்சு முடிய கிரிக்கெட் ஸ்கோர் பார்த்த மாதிரித்தான் இருந்தது ஐயா. சந்தியில ஆட்டோ ஸ்டாண்டில நிக்கிறவங்களும் அப்பிடித்தான் கதைச்சாங்க, ஒரு கோஷ்டி ஈரான், மற்ற கோஷ்டி எதிர். அந்தச் சண்டை எந்த வழியால வந்து எங்கட மா மூட்டைக்குள்ள பூந்தது எண்டு ஒருத்தரும் எழுதேல்ல, அதத்தான் எனக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதுறன், நீளமா இருக்கு எண்டு வெட்டிப்போடாதீங்க.

முதல்ல 23 ஆந்திகதி இரவு நடந்தத சொல்லவேணும். பத்து மணி இருக்கும், அடுத்த நாள் பாணுக்கு மா பிசைஞ்சு கொண்டிருக்கிறம். எங்கட பொடியன் கிண்ணியா ஆள், அவன்ர மனுசி கட்டார்ல ஒரு வீட்டில வேலைக்குப் போய் மூண்டு வருஷம். அவனுக்கு ரெண்டு கையும் முழங்கை மட்டும் மா, போன் மூட்டைக்கு மேல கிடந்து துடிக்குது, "அண்ணன் ஒருக்கா அமத்தி விடுங்க" எண்டான். மனுசிட வொய்ஸ் மெசேஜ். பிள்ளை அழேல்ல, மெல்லமாத்தான் கதைச்சுது. "இஞ்சப்பாருங்க, வானத்தில நெருப்பு நெருப்பா போகுது, சத்தத்துக்கு ஜன்னல் எல்லாம் ஆடுது, மேடம் எங்கள கீழ வந்து இருக்கச் சொல்லிட்டா, உம்மாட்ட சொல்லிப்போடாதீங்க." அவ்வளவுதான். அங்க இருக்கிற அமெரிக்காட அல் உதெய்த் தளத்துக்கு ஈரான் அடிச்ச நேரம் அது எண்டு எங்களுக்கு பிறகுதான் விளங்கினது, கட்டார் வான்பரப்பையும் மூடிட்டாங்க, பிளேன் ஒண்டும் இல்ல, அவன் போய்ப் பார்க்கவும் ஏலாது அவள் வரவும் ஏலாது. அவன் ஒண்டும் கதைக்காம திரும்ப மாவுக்குள்ள கையப் போட்டான், பிசையிறான் பிசையிறான் நிப்பாட்டுறானே இல்ல, நானும் சொல்ல மனம் வராம விட்டிட்டன். அடுத்த நாள் பாண் ரப்பர் மாதிரி இழுபட்டுது, ரெண்டு மூண்டு பேர் கொண்டுவந்து காட்டி ஏசினாங்க.

இத ஏன் சொல்லுறன் எண்டா, மூதூர் கிண்ணியா தோப்பூர் பக்கம் எந்த ஒழுங்கைக்க போனாலும் ஒரு வீட்டில ஒரு ஆள் கட்டார், குவைத், சவூதி, டுபாய் எண்டு இருக்கும். 2024 இல வெளியில வேலை செய்யிற எங்கட சனம் நாட்டுக்கு அனுப்பின காசு 650 கோடி டொலருக்கு மேல. அதே வருஷம் எரிபொருள் வாங்க நாடு வெளிய குடுத்தது 400 கோடி டொலருக்கு மேல. கணக்குப் பார்த்தா அந்தப் பிள்ளை கட்டார்ல சட்டி கழுவி அனுப்புற காசில மூண்டில ரெண்டு பங்கு எண்ணெய்க்கே போயிடுது, அதிலயும் ஒரு பங்கு அதே பக்கத்து நாடுகளுக்குத்தான் போகுது. வாறதும் அங்க இருந்து, போறதில ஒரு பங்கும் அங்கதான். அந்தப் பக்கம் நெருப்புப் பிடிச்சா எங்களுக்கு ரெண்டு வாசலும் ஒண்டா அடைபடும், இத விளங்க பெரிய படிப்பு வேணுமா ஐயா?

இது முதல் தரமும் இல்ல. 1990 ஓகஸ்ட்டில சதாம் குவைத்துக்குள்ள பூந்த நேரம் அங்க எங்கட ஆக்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர், போட்டது போட்டபடி வந்து சேர்ந்தாங்க. அந்த நேரம் எங்களுக்கு எங்கட சண்டையே காணும் எண்டு இருந்தது, குவைத் சண்டைய ஆர் பார்த்தது. அதுக்கும் முதல் 1973 இல அரபு நாடுகள் எண்ணெய மறிச்சு விலை நாலு மடங்கானபோது இஞ்ச விடியக்காலம நாலு மணிக்கு பாண் கியூ நிண்டத அப்பா சாகும் வரைக்கும் சொல்லுவார், ஒரு ஆளுக்கு ஒரு பாண், பிள்ளைகளையும் தனித்தனியா வரிசையில நிப்பாட்டுவாங்களாம்.

சரி, இந்த முறை என்ன நடந்தது. ஹோர்முஸ் நீரிணை எண்டு எல்லாரும் கதைச்சீங்களே, ஈரானுக்குப் பக்கத்தில இருக்கிற கடல் வாசல், அது ஆக ஒடுங்கின இடத்தில 33 கிலோமீற்றர்தான், எங்கட ஊர்ல இருந்து கந்தளாய்க்குப் போற தூரம் கூட வராது. உலகம் பாவிக்கிற எண்ணெயில அஞ்சில ஒரு பங்கு அதுக்குள்ளாலதான் வருது. அத மூடலாம் எண்டு ஈரான் பாராளுமன்றத்தில முடிவெடுத்தாங்க, ஆனா மூடேல்ல. மூடாமலே என்ன நடந்தது எண்டு பாருங்க, பீப்பா எழுபது டொலருக்கு கீழ இருந்தது சண்டைக்க எண்பது மட்டும் போய்த் தொட்டுட்டு, சண்டை ஓய திரும்ப எழுபதுக்கு கீழ வந்திட்டுது. அப்ப இஞ்ச? இஞ்ச ஜூலை 1 ஆந்திகதி விடிய எழும்பினா பெற்றோல் 12 ரூபா கூடி 305, டீசல் 15 ரூபா கூடி 289, மண்ணெண்ணெய் 7 ரூபா கூடி 185. சண்டை முடிஞ்சு ஒரு கிழமை ஐயா! சந்தியில எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, அங்க விலை விழுந்திட்டுதே இஞ்ச ஏன் ஏறுது எண்டு. விஷயம் என்னெண்டா இப்ப மாசத்துக்கொருக்கா விலைச் சூத்திரப்படிதான் விலை போடுறது, 2023 இல ஐ.எம்.எஃப் எண்ட சர்வதேச நாணய நிதியம் கடன் தரேக்க எண்ணெய நட்டத்துக்கு விக்கக்கூடாது எண்டு சொல்லித்தான் தந்தவங்க. கூடின விலைக்கு வாங்கினத கூடின விலைக்குத்தான் விக்கவேணும், அது நியாயந்தான், நானும் கூடின விலைக்கு வாங்கின மாவில சுட்ட பாணை குறைச்சு விக்கமாட்டன். ஆனா இத ஒரு பெட்டி செய்தியா ஆராவது விளங்கப்படுத்தியிருந்தா சனம் பெற்றோல் செட்டில நிண்டு பம்ப் அடிக்கிற பொடியனோட சண்டை பிடிச்சிருக்காது.

என்ர பாண் ஆட்டோ ரெண்டும் ஒரு நாளைக்கு எட்டு லீற்றர் குடிக்கும். 12 ரூபாப்படி பார்த்தா நூறு ரூபா கூட வராது, இதுக்கா இவ்வளவு கதை எண்டு நினைப்பீங்க. ஆட்டோவோட முடிஞ்சா பரவாயில்லையே. மா கொண்டு வாற லொறிக்காரர் டீசல் கூடினதெண்டு ஒரு மூட்டைக்கு கொஞ்சம் போட்டார், முட்டைக்காரர் போட்டார், மாஜரின் கொண்டு வாற ஏஜென்ட் பொடியன் "அண்ணே நாங்க என்ன செய்யிற, கொம்பனி கூட்டிட்டுது" எண்டு சிரிச்சுக்கொண்டு புது விலை எழுதினான், ஜூன் 12 ஆந்திகதியில இருந்து கரண்டும் 15 வீதம் கூட, அது சண்டையோட சம்பந்தப்படாத வேற கதை, ஆனா என்ர கொப்பியில எல்லாம் ஒரே பக்கத்திலதான் வருது. ஆளுக்கு கொஞ்சம் கொஞ்சமா அடுத்தவன்ர தலையில போட்டுட்டுப் போக கடைசி ஆளா நான் நிக்கிறன், எனக்குப் பிறகு இருக்கிறது சனம் மட்டுந்தான். பாண் விலைய பத்து ரூபா கூட்டினா சனம் பேசாது, கடைக்கு வந்து மெதுவா "அரை றாத்தல் வெட்டித் தாங்க" எண்டு கேக்கும். அரை றாத்தல் வெட்டுற கத்தி ஒண்டு மேசையில வச்சிருக்கிறன், ஒரு நாளைக்கு எத்தின தரம் அத எடுக்கிறன் எண்டு பார்த்தாலே எனக்கு ஊர்ட நிலமை விளங்கும், டிவி பார்க்கத் தேவையில்ல. இந்தக் கிழமை அடிக்கடி எடுக்கிறன்.

கப்பல் கதையும் இருக்கு. ஒரு கப்பலுக்கும் அடி விழத் தேவையில்ல, அந்தப் பக்கம் சண்டை எண்ட உடன காப்புறுதிக்காரன் கட்டணத்த கூட்டிடுவான், கப்பல்காரன் அத சாமான்காரன்ர தலையில போடுவான். 2023 நவம்பர்ல இருந்து யெமன் நாட்டு ஹூதி ஆயுதக்காரர் செங்கடல்ல கப்பலுக்கு அடிக்கத் தொடங்க பெரிய கம்பனிகள் சூயஸ் பக்கத்த விட்டிட்டு ஆபிரிக்காவ சுத்தி ஓடினாங்க, பத்து நாள், பதினாலு நாள் கூட. ஐரோப்பாவுக்கு போற எங்கட கார்மென்ட்ஸ் எல்லாம் அந்த சுத்துத்தான். நேர்மையா சொன்னா கொழும்புத் துறைமுகத்துக்கு அதால வேலையும் கூடினது, பாதை மாறின கப்பல்கள் அங்க வந்து கொள்கலன் மாத்திக்கொண்டு போனது, அதையும் சொல்லத்தானே வேணும். ஆனா அந்த வருமானத்தில எங்கட அரை றாத்தல் முழு றாத்தல் ஆகேல்ல.

தேயிலைய பற்றி நான் கனக்க எழுதேல்ல, மலையகத்து ஆக்கள் எழுதவேணும். ஒண்டு மட்டும் சொல்லுறன், எங்கட தேயிலைய வாங்கிக் குடிக்கிறது ஈராக், ஈரான், துருக்கி, ரஷ்யா, எமிரேட்ஸ், லிபியா, இந்தப் பட்டியல்ல சண்டை நடக்காத, தடை போடாத, பக்கத்தில குண்டு விழாத நாடு எது எண்டு தேடித்தான் பிடிக்கவேணும். ஈரானுக்கு குடுக்கவேண்டிய பழைய எண்ணெய்க் கடன் 25 கோடி டொலருக்கு, டொலர் அனுப்ப வழி இல்லாம மாசம் 50 லட்சம் டொலர் பெறுமதிக்கு தேயிலை குடுத்துக் கழிப்பம் எண்டு 2021 டிசம்பர்ல ஒப்பந்தம் போட்டது. எங்கட சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையே 1969 இல ஈரான் எண்ணெய்க்கு ஏத்த மாதிரி கட்டினதுதான், பிறகு தடை வந்து அந்த எண்ணெய் வாங்க ஏலாமப் போனது. தூரத்து நாடு தூரத்து நாடு எண்டுறம், எங்கட அடுப்பு அவன்ர எண்ணெய்க்கு அளவெடுத்து வச்சது.

இனி 2022. அந்த வருஷத்த ஆரும் மறக்கேல்ல எண்டு தெரியும், ஆனா பிழையா ஞாபகம் வச்சிருக்கிறாங்க எண்டுதான் எனக்குத் தோணுது. இப்பவும் கனபேர் சொல்லுற கதை உக்ரைன் சண்டையாலதான் நாங்க விழுந்தம் எண்டு. ரஷ்யா உக்ரைனுக்குள்ள பூந்தது பெப்ரவரி 24, பீப்பா மார்ச்சில 139 டொலர் மட்டும் போனது, ஓம். உலகச் சந்தைக்கு போற கோதுமையில நாலில ஒரு பங்குக்கு மேல அந்த ரெண்டு நாட்டில இருந்து, ஓம். எங்கட நாட்டில ஒரு மணி கோதுமை விளையுறதில்ல, கப்பல்ல வந்து பிரிமா மாதிரி மில்லுகள்ல அரைபட்டு வாறதுதான், எங்கட குடாவில நிண்டா பிரிமா மில் தெரியும், அவ்வளவு கிட்ட இருந்தும் எனக்கு மா விலை கொஞ்ச மாசத்தில ரெண்டு மடங்குக்கு மேல ஏறினது, ஏனெண்டா மில் கிட்ட எண்டாலும் கோதுமை வாங்குற டொலர் தூரத்தில. ஆனா அந்தச் சண்டை பங்களாதேஷுக்கும் நடந்தது, வியட்நாமுக்கும் நடந்தது, அவங்களும் எண்ணெய் வாங்குற ஆக்கள்தான், ஏப்ரல் 12 ஆந்திகதி கடன் கட்ட ஏலாது எண்டு கைய விரிச்சது நாங்கதானே? 2019 முடிவில வரிய குறைச்சது புட்டினா? 2021 ஏப்ரல்ல ஒரே இரவில உரத்த நிப்பாட்டினது செலன்ஸ்கியா? டொலர இருநூறு ரூபாவில கட்டிப்பிடிச்சு வச்சிருந்திட்டு கைய விட்டதும் 360 மட்டும் ஓடினது ஆற்ற வேலை? ஏற்கனவே சறுக்கிக்கொண்டு நிண்டவனை போற வழியில ஒருத்தன் தோளால இடிச்சிட்டுப் போனான், அவ்வளவுதான் அந்தச் சண்டை எங்களுக்குச் செய்தது.

உக்ரைன் சண்டை தொடங்கேக்க பெற்றோல் 177 ரூபா, 2022 ஜூன் 26 ஆந்திகதி 470. மண்ணெண்ணெய் ஓகஸ்ட்டில ஒரே இரவில 87 இல இருந்து 340. திருக்கடலூர் பக்கம் போட்டுக்காரர் எஞ்சினை கழட்டி வீட்ட கொண்டு போய் சாக்கால மூடி வச்சத நான் கண்ணால கண்டனான், அந்த எஞ்சின் ஓடுறது மண்ணெண்ணெயில. கடல் அமைதியா கிடக்கு, மீன் இருக்கு, போக ஏலாது. எனக்கு காஸ் இல்ல, ரெண்டு இரவு சிலிண்டரோட ரோட்டில படுத்தன், மூண்டாம் நாள் வீட்ட வந்து அப்பாட பழைய விறகுப் போறணைய துப்பரவாக்கினன், பத்து வருஷமா அதுக்குள்ள பழைய தட்டும் பூனையும்தான் இருந்தது. செங்கல் ரெண்டு கழண்டு கிடந்தது, களிமண் குழைச்சுப் பூசி, முதல் நாள் சூடு பிடிபடாம ஒரு பக்கம் கரி ஒரு பக்கம் பச்சை மா. ஆனாலும் சனம் வாங்கினது. கரிஞ்ச பக்கத்த சுரண்டிப்போட்டு தின்னுறம் எண்டு சொல்லி வாங்கினது.

இப்ப நான் கேக்க வந்த விஷயத்துக்கு வாறன். எங்கட ஊர்ல சீனன்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 இருக்கு, ஒண்டு பத்தாயிரம் தொன் பிடிக்கும், எல்லாம் சேர்ந்தா பத்து லட்சம் தொன் கிட்ட. அவன் அத கட்டினது ஏன்? தூரத்தில சண்டை வந்தா கப்பலுக்கு எண்ணெய் தட்டுப்படக்கூடாது எண்டு. 1942 ஏப்ரல் 9 ஆந்திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்கும் தாங்கிகளுக்கும்தான், ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒண்டுக்கு மேலயே போய் விழுந்து ஏழு நாள் எரிஞ்சதெண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்க, அந்த இரும்பு உருகிச் சுருண்டபடி இப்பவும் கிடக்கு. உலகத்துக்கே விளங்கின விஷயம் எங்களுக்கு எண்பது வருஷமா விளங்கேல்ல, மேல் பக்கத்து தாங்கிகள் பெரும்பாலும் காட்டுக்க நிக்குது, குரங்கும் யானையுந்தான் காவல். 2003 இல இருந்து கொஞ்சத்த இந்தியன் ஒயில் கொம்பனி பாவிக்குது, 2022 ஜனவரியில திரும்ப பிரிச்சு 14 அவங்களுக்கு, 24 எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த புதுக் கொம்பனிக்கு எண்டு எழுதினது. 2025 ஏப்ரல்ல மோடி வந்த நேரம் இந்தியா, எமிரேட்ஸ், இலங்கை மூண்டும் சேர்ந்து திருகோணமலைய எரிசக்தி மையமாக்கிறம் எண்டும் கையெழுத்து வச்சாங்க. அண்டைக்கே சம்பூர்ல சூரிய மின்சாரத்துக்கு அடிக்கல்லும் நாட்டினாங்க, அது எனக்கு உண்மையில சந்தோசம், வெயிலுக்கு ஹோர்முஸ் வழியா வரத் தேவையில்லையே.

தாங்கி இருந்தா காணுமா, நிரப்ப டொலர் வேணுமே எண்டு நீங்க கேப்பீங்க. சரியான கேள்வி. 2022 மே மாசம் பாவிக்கக்கூடிய டொலர் அஞ்சு கோடி கூட இல்ல எண்டு நிதி அமைச்சரே சொன்ன நாடு இது, அண்டைக்கு 99 தாங்கியும் பளபளப்பா இருந்திருந்தாலும் உள்ள காத்துத்தான் இருந்திருக்கும். நான் சொல்லுறது விலை விழுந்து கிடக்கிற மாசத்தில கொஞ்சம் கொஞ்சமா, மா மலிவான நேரம் நாங்க ரெண்டு மூட்டை கூட எடுத்து அடுக்கி வைக்கிற மாதிரி. அதுக்கு முதல் தாங்கிய பூட்டிப்போட்டு காடு வளர்க்கிறத நிப்பாட்டவேணும், கையெழுத்து வச்ச பேப்பருக்கும் தாங்கிக்கும் நடுவில ஒரு வெல்டிங்காரனாவது நிக்கவேணும்.

நிலாவெளி உப்புவெளி பக்கமும் ஒரு சொல் சொல்லாம விடக்கூடாது. எங்களுக்கு சீசன் இந்த மாசங்கள்தான், வெள்ளைக்காரர் கனபேர் வாறது டோஹா டுபாய் ஊடாக, வான்பரப்பு மூடி பிளேன் எல்லாம் குழம்பின அந்த ரெண்டு மூண்டு நாளைக்கு எங்கட பணிஸ் எடுக்கிற கெஸ்ட்ஹவுஸ் ஒண்டில ஓடரை பாதியாக் குறைச்சாங்க, வரவேண்டிய ஆக்கள் எங்கயோ எயார்போட்டில கிடந்திருக்கினம். தம்பலகாமத்து விவசாயிகளும் சிறுபோகத்துக்கு யூரியா என்ன விலைக்கு வரப்போகுது எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சாங்க, யூரியா கனக்க செய்யிறதும் வளைகுடா எரிவாயுவிலதானே.

அதால ஆசிரியர் ஐயா, சண்டைய போடுங்க, போடவேண்டாம் எண்டு சொல்லேல்ல. அதுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி போடுங்க. நாட்டில இப்ப எத்தின நாளைக்கு டீசல் இருக்கு, எத்தின நாளைக்கு கோதுமை இருக்கு, டொலர் எவ்வளவு, சீனன்குடாவில இந்த மாசம் எத்தின தாங்கி திருத்தினது, இவ்வளவும் கிழமைக்கொருக்கா. ஜூன் 16, 17 ஆந்திகதி அளவில எங்கட செட்டில கானோட சனம் குவிஞ்சது, தட்டுப்பாடு இல்ல எண்டு மந்திரி சொல்லியும் ஒருத்தரும் நம்பேல்ல, ஏனெண்டா 2022 இலயும் அப்பிடித்தான் சொன்னவங்க. எண்ணிக்கைய கண்ணால கண்டா சனம் பாதிப் பேர் வீட்ட இருந்திருக்கும்.

எங்கட பொடியன்ர மனுசி சுகமா இருக்கு. ஓகஸ்ட்டில வாறதெண்டு டிக்கட் கதைச்சு வச்சிருந்தது, இப்ப இன்னொரு வருஷம் நிக்கப்போகுதாம், வீட்டுக்கு கூரை போடவேணும், சீமெந்து விலை கூடிப்போச்சு எண்டு. நான் ஒரு ட்ரக்டர் விறகு இறக்கி போறணைக்குப் பின்பக்கம் அடுக்கி தகரத்தால மூடி வச்சிருக்கிறன். பாம்பு வந்து குடியிருக்கும் எண்டு பக்கத்து வீட்டு ஐயா ஒவ்வொரு நாளும் மதிலால எட்டிப் பார்த்து கரைச்சல் தாறார்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரன்,
பாலையூற்று, திருகோணமலை.